அவர் கேட்ட கம்யூனிட்டி

என் கழுத்துக்கு நேரே நீண்டு வரும் இரண்டு கைகள்தான் இப்போதும் முதலில் நினைவுக்கு வருகின்றன. நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டின் முன்கூடத்தில், கோட்டு மாட்டும் அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று என் சகலை எனக்கு டை கட்டிவிடுகிறார். நான் சவரத்துக்கு உட்கார்ந்தவன்போல மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். பட்டையின் அகலமான பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைத்து இழுத்து, முடிச்சை இரண்டு விரலால் மேலே தள்ளி, காலரை மடித்துவிட்டு, சற்றுப் பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இப்பதான் ப்ரொபசர் மாதிரி இருக்கீங்க சகலை. இவ்ளோ நேரம் பேஷன்ட் மாதிரி இருந்தீங்க" என்பார். மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் நிபுணனாகக் காலம் தள்ளிய எனக்கு டை கட்டத் தெரியாது. என் மனைவி எப்போதோ முடிச்சுப் போட்டுவைத்த டைகளைத் தலைவழியாக மாட்டிக் கழற்றியே ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டேன். அதைக் கண்டுபிடித்துச் சிரித்ததும், முறையாகக் கட்டிவிட்டதும் அவர் ஒருவர்தான். என் கழுத்தை அவர் கையில் நம்பிக் கொடுத்த நான், என்னை நம்பிய அவருக்கு என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் என் மனைவியின் தங்கையை மணந்தவர். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்புப் பகுதிக்கு மேலாளராக இருந்தவர். என் மனைவி குடியுரிமை வாங்கியதும் தங்கைக்காக விண்ணப்பித்தாள். தங்கை மகள் பள்ளிக்கூடத்தில் சேரும் முன் விண்ணப்பித்த கிரீன் கார்டு, அவள் கல்லூரிக்குப் போகிற வயதில்தான் வந்தது. அதற்குள் சகலைக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. இங்கே அவருடைய அனுபவத்தை யாரும் கேட்கவில்லை. இந்திய மளிகைக் கடையில் இனிப்புப் பெட்டி கட்டினார். பிறகு நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் மேசைக்குப் பின்னால் நின்று சாவி கொடுத்தார். எப்படி இருக்கிறது வேலை என்று கேட்டால், "அங்க கோட்டுப் போட்டுக்கிட்டுச் சாவி குடுத்தேன், இங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுக் குடுக்கறேன். சாவி அதே சாவிதான் சகலை" என்பார். வீட்டில் மட்டும் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதை விட்டுவிட்டதாக அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதாள். சென்னையில் தினமும் காலையில் அந்த வேலையை அவர் பாட்டுக் கேட்டபடி செய்வாராம்.

அப்போது நான் மாலை வேளைகளில் பக்கத்துக் கவுன்ட்டியில், நம் ஊர்க் கணக்கில் பக்கத்து மாவட்டத்தில், இருந்த கம்யூனிட்டி காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் வரிப்பணத்தில் கட்டிக்கொண்டது அது. பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் போதாமல் போன ஒரு காலத்தில், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எல்லாருக்கும் ஒரு கல்லூரி வேண்டும் என்று தொடங்கப்பட்டது. நுழைவுத் தேர்வு கிடையாது. பள்ளியை முடித்தவர், பாதியில் விட்டவர், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வந்தவர், ராணுவத்திலிருந்தும் சிறையிலிருந்தும் திரும்பியவர், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வருடம் குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம், அல்லது ஒரு தொழிலோடு வெளியே போகலாம். ஒரு கட்டடத்தில் செவிலியர் படிப்பு, அதற்கு அடுத்ததில் எக்ஸ்ரே எடுக்கவும் பல் சுத்தம் செய்யவும் கற்றுத் தருவார்கள், பின்பக்கத்துக் கொட்டகையில் கார் மெக்கானிக் வகுப்பு. தீயணைப்பு, சமையல், கணக்கியல், புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு ஆங்கிலம் எல்லாம் உண்டு. என் வகுப்பில் போலீஸ்காரர் ஒருவரும், அவர் ஒருகாலத்தில் கைது செய்த பையனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சராசரி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது பெருமையாகச் சொல்கிறேன். அப்போது எனக்குள் பெருமை இருக்கவில்லை. நான் கட் ஆஃப் மார்க்கில் வளர்ந்தவன். எத்தனை பேரைத் தள்ளிவிட்டு உள்ளே போனோம் என்பதை வைத்துத்தான் கல்லூரியை மதிக்கத் தெரியும். யாரையும் திருப்பி அனுப்பாத இடம் எப்படி நல்ல கல்லூரியாக இருக்கும் என்ற எண்ணம் பாடம் நடத்தும்போதும் எனக்குள் இருந்தது. தமிழ் நண்பர்கள் கேட்டால் "ஈவினிங்ல காலேஜ்ல எடுக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஊரிலிருக்கும் என் அண்ணனிடம் ஒருமுறை போனில் முழுப் பெயரையும் சொல்லிவிட்டேன். அவர் ஆர்வமாகக் கேட்டார்: "கம்யூனிட்டி காலேஜா? எந்தக் கம்யூனிட்டிப்பா நடத்துது? நம்மாளுங்களுக்குக் கோட்டா இருக்கா?" அவர் மேல் தவறில்லை. நம் ஊரில் கம்யூனிட்டி என்றால் சாதி. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள், வேலைக்கு மனுப் போட்டால் கம்யூனிட்டி எது என்று கேட்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஊர், அக்கம்பக்கம், பொது ஜனம் என்றெல்லாம் பொருள் இருப்பது நமக்கு அகராதியில் மட்டும்தான் தெரியும். இதைச் சகலையிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து டை கட்டிவிடும்போதெல்லாம், "இன்னிக்கு எந்தக் கம்யூனிட்டிக்குக் கிளாஸ்?" என்று கேட்பார். நானும் ஏதாவது ஒரு சாதிப் பெயரைச் சொல்லுவேன். இரண்டு வீட்டுக்கும் அது பழகிய வேடிக்கையாகிவிட்டது.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் மாமியார் இறந்துபோனார். பாதி வருடம் எங்கள் வீட்டிலும் பாதி வருடம் சகலை வீட்டிலுமாக இருந்தவர். இறுதிச் சடங்கு நிலையம் வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு பழைய வீடு. அதன் உரிமையாளர் அகன்ற தோளும் அதற்குப் பொருந்தாத மெல்லிய குரலும் கொண்ட மனிதர், எங்களைக் கனிவோடு வரவேற்றார். ஆனால் உள்ளே போனதும் இரண்டு மகள்களும் கதறிவிட்டார்கள். நாங்கள் கொடுத்தனுப்பிய பட்டுப்புடவையைப் படுக்கை விரிப்பை மடித்துச் செருகுவதுபோல உடம்பைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். வாழ்நாளில் பவுடரைத் தவிர எதையும் பூசிக்கொள்ளாத அந்த அம்மாளின் உதட்டில் ரோஜா நிறச் சாயம் பூசியிருந்தார்கள். வந்திருந்த நண்பர்கள் ஆளுக்கொரு முறை சொல்லத் தொடங்கினார்கள். தெற்கே தலை இருக்க வேண்டும் என்றார் ஒருவர், நெற்றியில் காசு வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர், ஷூவைக் கழற்றாமல் எப்படி உள்ளே வந்தீர்கள் என்று மூன்றாமவர் சண்டைக்குப் போனார். நான் ஒரு மூலையில் நின்று என் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சகலை உரிமையாளரைத் தனியே கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு ஆண்கள் எல்லாரையும் முன்னறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு மகள்களையும் இன்னும் சில பெண்களையும் மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வெதுவெதுப்பான தண்ணீரும் துண்டும் உள்ளே போயின. வெளியே ஒவ்வொருவர் சொன்னதையும் காது கொடுத்துக் கேட்டு, "கட்டாயம் செஞ்சிடலாம் சார்" என்று சமாதானப்படுத்தி, எது முன்னால் எது பின்னால் என்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். மகன் இல்லாத அந்த அம்மாளுக்கு மகள்கள் இருவரும் சேர்ந்தே கடைசிக் காரியத்தைச் செய்யலாமா என்று அவர்தான் கேட்டார். கேட்ட விதத்தில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. கதவு திறந்தபோது மாமியார் எங்கள் சமையலறையில் இருந்து எழுந்து வந்து சற்றுக் கண்ணயர்ந்தவர்போல இருந்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது உரிமையாளர் அவரிடம், நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவரா என்று கேட்டார். ஹோட்டல்காரன் என்றார் இவர். இரண்டும் அதிக வித்தியாசமில்லை என்று சொன்ன உரிமையாளர், தான் இதைப் படித்தது பக்கத்துக் கவுன்ட்டிக் கல்லூரியில்தான் என்றும் சொன்னார்.

வீடு திரும்பும்போது காரில் சகலை மெதுவாக, "உங்க காலேஜ்ல இதுக்கு கோர்ஸ் இருக்காம். சொல்லவே இல்லியே சகலை" என்றார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. பல் சுத்தம் செய்யும் படிப்புக்கு அப்பால் இருந்த நடைவழியில் கறுப்புக் கோட்டு அணிந்த மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன்.

அவர் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி சில நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவர் வெள்ளைச் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டுவைத்தாள். அதுதான் அவள் சம்மதம். வெளியே கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்ற பேச்சு வந்தபோது, "ஹெல்த் சயின்ஸ்" என்று சொல்லலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். சகலை சிரித்தார். "ஹெல்த் முடிஞ்சப்புறம் வர்ற சயின்ஸ்தானே, பொய் இல்ல" என்றார். முப்பது வருடம் செக்-இன் பார்த்தவன் இனிமேல் செக்-அவுட் பார்க்கப் போகிறேன் என்றும் சொல்லிக்கொள்வார்.

அந்தப் படிப்பில் உடற்கூறும் வேதியியலும் துக்கத்தில் இருப்பவர்களிடம் பேசும் முறையும் சட்டமும் இருந்தன. விபத்தில் சிதைந்த முகத்தைச் சீராக்குவதற்காக மெழுகில் முகம் வனையவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் அவர் கொண்டுவந்த டிபன் பாக்ஸைச் சாப்பாடு என்று நினைத்துத் திறந்த என் மனைவி அலறிவிட்டாள். உள்ளே மெழுகு மூக்கு ஒன்று இருந்தது. "பயப்படாதீங்க அண்ணி, உங்க வீட்டு மூக்குதான்" என்றார். பரீட்சைக்கு என் மூக்கைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டாராம், அதில் வளைவு நெளிவு அதிகம் இல்லாததால் சுலபமாக இருந்ததாம். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவர் ஷூ மறுபடியும் பளபளக்கத் தொடங்கியது. என் மாலை வகுப்பு நாட்களில் இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்பினோம். அந்தப் பயணங்களில் நான் சிரித்த அளவு பிறகு எங்கேயும் சிரிக்கவில்லை.

படிப்பை முடித்தால் மட்டும் போதாது. உரிமம் பெற்ற ஒரு நிலையத்தில் ஒரு வருடம் பயிற்சியாளராக வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் நியூ ஜெர்சியில் லைசென்ஸ். அந்த ஒரு வருடத்துக்கு இடம் கொடுப்பது நிலையத்துக்காரர்களின் விருப்பம். வெள்ளைத் தூண் வீட்டு உரிமையாளர் அவரை எடுத்துக்கொள்ளப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைத்தால் சகலைக்கு மறுபடியும் ஒரு தொழில். கிடைக்காவிட்டால் மோட்டல் மேசை. எங்கள் இரண்டு வீட்டிலும் எல்லாருக்கும் அது தெரியும்.

அதே சமயத்தில்தான் டெக்சாஸில் ஆலன் என்ற ஊரிலிருந்து என் மகனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் சாதியே. பெண்ணின் அப்பா சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்தார். வாரக் கடைசியில் போன் செய்து நிதானமாகப் பேசுவார். யார் யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பார். "உங்க சகலை எந்த லைன்ல இருக்கார்?" என்று கேட்டபோது, ஹெல்த் சயின்ஸ் என்றேன். ஆஸ்பத்திரியிலா என்றார். அந்த மாதிரிதான் என்றேன். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார். எனக்கு அன்றே பயம் பிடித்தது. அவர்கள் வரும்போது சகலை கறுப்புக் கோட்டோடு பிணப்பெட்டி வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவர்களை நாம் எங்கே நிற்க வைத்திருந்தோம் என்பது பெண்ணின் அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படித்தவன், சாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்தப் பயம் வந்த பிறகு அந்த எண்ணத்தை எடுத்துப் பார்க்காமல் தள்ளியே வைத்திருந்தேன்.

கல்லூரியில் சமையல் படிக்கும் மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாடு பரிமாறுவார்கள். அதற்கென்று வெள்ளை விரிப்புப் போட்ட கூடம் உண்டு. நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிலைய உரிமையாளர் வந்து எதிரே உட்கார்ந்தார். சகலையின் படிப்புக்கு அவர் ஆலோசகர், அடிக்கடி வருவார். என் மாமியாரை நினைவுபடுத்தி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு சகலையைப் பற்றிப் பேசினார். வகுப்பிலேயே சிறந்த மாணவர் என்றார். தனக்கு அவரை மிகவும் பிடித்திருப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம் இருப்பதாகவும், அதைக் கேட்க என்னைவிடத் தகுந்த ஆள் தெரியவில்லை என்றும் சொன்னார். "உங்கள் கம்யூனிட்டி இந்த வேலையில் அவரை ஏற்றுக்கொள்ளுமா?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. எங்கள் கம்யூனிட்டியில் யாரும் இந்த வேலையைச் செய்வதில்லை என்றேன். ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், குடும்பத்துக்கே தலைகுனிவு என்று நினைப்பார்கள் என்றேன். அவர் கரண்டியை வைத்தார். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி சொன்னார். வெள்ளைத் தொப்பி அணிந்த மாணவி ஒருத்தி ஆப்பிள் வைத்துச் செய்த பணியாரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்ததுகூட நினைவிருக்கிறது.

அவர் கேட்டது இந்த வட்டாரத்து இந்தியர்களைப் பற்றி. தமிழர், தெலுங்கர், குஜராத்தி என்று இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள், ஒரு சாவு நேரும்போது, இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தேடி வருவார்களா என்பதுதான் கேள்வி. நான் பதில் சொன்னது என் சாதியைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே சொல். நீண்ட காலம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட கதை இதுதான்: அண்ணன் போனில் செய்த அதே தவறைத்தான் நானும் செய்தேன், ஒரு சொல் காலை வாரிவிட்டது. பிறகு கொஞ்சம் நேர்மை வந்தபோது, பார்க்கிங்கில் காரைத் திறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார், நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இறங்கிப் போகவில்லை. இப்போது இந்த வயதில் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டபோதே எனக்குத் தெரியும். இந்த நாட்டில் அத்தனை காலம் வாழ்ந்தவனுக்கு, அந்தப் பெயர் வைத்த கல்லூரியில் பாடம் நடத்துபவனுக்கு, அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று தெரியாமல் இருக்குமா? எனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டேன். யாரையும் திருப்பி அனுப்பாத இடத்தில் சம்பளம் வாங்கியவன், அதன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த மாலை வகுப்புக்குச் சகலை என்னோடு காரில் வரவில்லை. வார இறுதியில் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தார். வாசல் மணியை அடிக்காமல், திறந்திருந்த கராஜ் பக்கமாக வந்து நின்றார். நான் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உரிமையாளர் ஒளிக்காத மனிதர், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டிருந்தார். உங்கள் உறவினரே சொன்ன பிறகு நான் என்ன செய்யட்டும் என்று வருத்தப்பட்டாராம்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன் சகலை" என்றார். "அவர் எதைக் கேட்டாரு, நீங்க எதைச் சொன்னீங்க?"

"கம்யூனிட்டின்னு கேட்டாரு. நான் நம்ம அர்த்தத்துல எடுத்துக்கிட்டேன். தப்பாப் புரிஞ்சிருச்சு" என்றேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். "ஹோட்டல்ல கெஸ்ட் வந்து டபுள் வேணும்னு சொன்னா, ரூமா, பெட்டா, விஸ்கியான்னு கேப்பேன். ரெண்டு அர்த்தம் இருந்தா திருப்பிக் கேக்கறதுதான் வேலை. நீங்க படிச்சவரு. திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

ஆலன் சம்பந்தத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். அது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"ஊர்ல ஒருத்தன் இப்படிச் சொல்லியிருந்தா, சரி, அவனுக்கு அவ்ளோதான் தெரியும்னு விட்டிருப்பேன். நான் மெழுகுல உங்க மூக்கைச் செஞ்சவன்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. "வரேன் சார்" என்று சொல்லிப் போனார்.

சகலை என்ற சொல் அவர் வாயிலிருந்து எனக்கு அதன் பிறகு வரவேயில்லை. உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "ஏங்க, கார் வரைக்கும் போனவரு திரும்ப உள்ள போறதுக்கு எவ்ளோ தூரம் இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை தங்கையோடு போனில் பேச வேண்டுமானால் அவள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

சகலை மற்ற நிலையங்களில் கேட்டுப் பார்த்தார். அந்தத் தொழிலில் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இந்தியர்கள் இந்த வேலையில் இந்தியரை ஏற்க மாட்டார்களாம், அவர்களில் ஒரு பேராசிரியரே சொன்னாராம் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் நின்றது. படிப்பில் முதலாவதாக வந்தவர், பட்டமளிப்பு முடிந்ததும் மோட்டல் மேசைக்கே திரும்பினார். ஆலன் சம்பந்தமும் நடக்கவில்லை. பெண்வீட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகன்தான், தன்னோடு வேலை பார்க்கும் ஒரு கொரியப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னான். சித்தப்பாவின் படிப்பைப் பற்றி நான் பயந்ததையெல்லாம் கேட்டபோது அவன் என்னை வேற்று மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை கேட்டான்: எதற்காக என்று.

நான் வகுப்பு எடுப்பதை நிறுத்திக்கொண்டேன். டை கட்ட முயன்றபோதெல்லாம் முடிச்சு ஒரு பக்கமாகவே போயிற்று என்பது காரணமில்லை. அந்த நடைவழியைக் கடக்க முடியவில்லை. பிற்பாடு தமிழ்ச் சங்கத்தில் பெற்றோர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பையனைக் கம்யூனிட்டி காலேஜில் போடலாமா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டால், தயங்காமல் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே என்னென்ன படிப்புகள் இருக்கின்றன என்று விரிவாகச் சொல்வேன். ஒரு படிப்பின் பெயர் வரும்போது மட்டும் வாய் தானாக அதைத் தாண்டிப் போய்விடும்.

சகலையின் மகளுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. அவர்களும் அங்கே போய் லிவர்மோர் பக்கம் குடியேறினார்கள். அங்கே விதிகள் வேறு. இங்கே கேட்ட பயிற்சி ஆண்டு இல்லாமலே, படித்த படிப்பைக் காட்டித் தேர்வு எழுத முடிந்தது. அவர் தேறினார். இப்போது அந்தப் பக்கத்தில் நம்மவர் வீட்டில் சாவு நேர்ந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்கள்கூட, குளிப்பாட்டலை அவர்கள் பள்ளிவாசல்காரர்கள் பார்த்துக்கொண்டாலும், அனுமதிச் சீட்டுகளுக்கும் அடக்கம் செய்யும் இடத்துக்கும் இவரை நம்புகிறார்களாம். இதெல்லாம் என் மனைவி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும் நாட்களில் எனக்குச் சொன்னவை.

போன மாதம் என் மகன், நாங்கள் எங்கள் கடைசி ஏற்பாடுகளைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறோமா என்று கேட்டான். இங்கே பிள்ளைகள் அதைக் கேட்பதற்குக் கூச்சப்படுவதில்லை. நான் சில நாள் யோசித்தேன். பிறகு மனைவியிடம் சொல்லாமல் சகலைக்குப் போன் செய்தேன். மணி அடித்து முடிவதற்குள் எடுத்தார். நிலையத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். அந்தக் குரலில் வயது ஏறவில்லை.

"சகலை, நான்தான்" என்றேன்.

"சொல்லுங்க சார். பிரஷர் எப்படி இருக்கு? அண்ணி சௌக்கியமா?" என்றார்.

எழுதிவைத்துப் படித்துப் பார்த்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. அன்று சாப்பாட்டுக் கூடத்திலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று கராஜில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர், "அது எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்றார். வாசலை மறித்து நிற்பவரிடம் வழி கேட்கச் சொல்லும் 'விடுங்க' போலத்தான் இருந்தது. அதற்கு மேல் அதைத் துழாவ எனக்கு உரிமை இல்லை. கடைசியாக, கேட்க வந்ததைக் கேட்டேன். என் நேரம் வரும்போது, வேறு யாரும் வேண்டாம், நீங்கள்தான் வந்து என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், செய்வீர்களா என்றேன்.

"நியூ ஜெர்சியில எனக்கு லைசென்ஸ் இல்லயே சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தேடி வந்த விருந்தாளியிடம் அறை காலி இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்போது ஒரு நல்ல ஹோட்டல்காரர் எவ்வளவு பதமாகச் சொல்வாரோ, அவ்வளவு பதமாகச் சொன்னார். உடனே, அங்கேயே நல்ல இடம் ஒன்று இருக்கிறது, சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். வெள்ளைத் தூண் வைத்த அதே வீட்டைச் சொன்னார். "பெரியவர் போயிட்டாரு. இப்ப அங்க ஒரு குஜராத்திப் பொண்ணு இருக்கு. உங்க காலேஜ்ல படிச்சதுதான். ரொம்ப நல்லாப் பண்ணுது, நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதான் போறாங்க. நம்பர் எழுதிக்கறீங்களா?"

அந்த எண் என்னிடம் இருக்கிறது. மாமியார் போன நாளிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் பேனாவை எடுத்து, அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு முறையும் சொல்லச் சொன்னேன்.